யாக்கோபு இறங்க நினைத்த பாதாளம்

தாங்களே விற்றுவிட்ட தம்பி யோசேப்பின் அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து, "இது உம்முடைய மகனுடையதா, பாரும்" என்று அப்பாவின் முன்னால் வைக்கிறார்கள் அண்ணன்மார். யாக்கோபு உடுத்தியிருந்த துணியைக் கிழித்துக்கொள்கிறார். இடுப்பில் இரட்டுத்துணியைக் கட்டுகிறார். மகன்கள், மகள்கள் எல்லாரும் வந்து எவ்வளவோ தேற்றிப் பார்க்கிறார்கள். அவர் தேறவில்லை. "நான் துக்கத்தோடே என் குமாரனிடத்தில் பாதாளத்தில் இறங்குவேன்" என்கிறார். ஆதியாகமம் 37ஆம் அதிகாரம், 35ஆம் வசனம்.

ஓய்வுநாள் பள்ளியில் இந்தக் கதையைக் கேட்ட வயதில் எனக்குப் புரியாமல் போன இடம் இதுதான். யாக்கோபு ஆண்டவரோடு பேசியவர். யோசேப்பு பதினேழு வயதுப் பையன், ஒரு தப்பும் செய்யாதவன். இந்த இரண்டு பேரும் ஏன் பாதாளத்துக்குப் போக வேண்டும்? பரலோகத்தில் மகனைப் பார்ப்பேன் என்றல்லவா அந்தத் தகப்பன் சொல்லியிருக்க வேண்டும்?

அப்படிச் சொல்ல அவருக்கு வழியே இல்லை. அந்தக் கதையைச் சொன்ன எபிரேயர்கள் அறிந்தவரை, செத்தவர்களுக்கு 'மேலே' என்று ஓர் இடம் கிடையாது. நல்லவனும் கெட்டவனும், அரசனும் அடிமையும், எல்லாரும் கீழேதான் போனார்கள். ஏனோக்கு, எலியா என்று இரண்டே பேர் விதிவிலக்கு. அந்த இரண்டு பேரும் சாகவே இல்லை, எடுத்துக்கொள்ளப்பட்டார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி இந்த நம்பிக்கையின் மீதுதான் நிற்கிறது. இது தெரியாமல் சங்கீதங்களையோ யோபுவையோ வாசித்தால், அழுகிறவர் எதற்கு அழுகிறார் என்பதே பிடிபடாது.

மூலத்தில் உள்ள சொல் ஷியோல். எபிரேய வேதாகமத்தில் ஏறத்தாழ 65 இடங்களில் வருகிறது. அதன் வேர் என்ன என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. அக்கம்பக்கத்து மொழிகளிலும் நேரடி இணைச்சொல் அகப்படவில்லை. நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய திருப்புதல் இதைப் பெரும்பாலும் 'பாதாளம்' என்று தமிழாக்குகிறது. ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. சங்கீதம் 9:17இல் துன்மார்க்கர் போகும் இடம் என்றதும் அதே ஷியோல் 'நரகம்' ஆகிவிடுகிறது. உபாகமம் 32:22இல் தேவ கோபத்தின் அக்கினி எட்டும் ஆழமும் 'நரகம்'தான். நல்லவர் போனால் பாதாளம், கெட்டவர் போனால் நரகம் என்று தமிழில் இரண்டு இடங்கள் உண்டாகின்றன. எபிரேயத்தில் இருப்பது ஒன்றே.

மொழிபெயர்த்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்த சொற்களை வைத்துத்தானே அவர்கள் வேலை செய்ய முடியும்? 'பாதாளம்' ஒருவகையில் நல்ல தேர்வுதான். நம் புராணங்களில் அது நாகர்களும் அசுரர்களும் வாழும் கீழுலகம். செத்தவர்கள் போவது யமபுரிக்கு. ஆகவே பாதாளம் என்ற சொல்லில் தண்டனை வாடை குறைவு, ஆழம் மட்டுமே மிச்சம். நரகம் அப்படியல்ல. எண்ணெய்க் கொப்பரையும் முள்படுக்கையும் அந்தச் சொல்லோடு கூடவே வந்துவிடும். ஷியோலில் எண்ணெய்க் கொப்பரை இல்லை. நியாயாதிபதி இல்லை, கணக்கு எழுதுகிறவரும் இல்லை.

'ஆத்துமா' இன்னும் சிக்கலான சொல். மண்ணினால் உருவாக்கி, நாசியிலே சுவாசத்தை ஊதியபோது மனுஷன் 'ஜீவாத்துமாவானான்' என்று ஆதியாகமம் 2:7இல் வாசிக்கிறோம். உடம்புக்குள் அழியாத ஆத்துமா ஒன்று புகுந்தது என்று நம் காதில் அது விழுகிறது. மூலத்தில் இருப்பது நெஃபெஷ். அந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் தொண்டை. பிறகு மூச்சு, பசி, ஆசை, உயிர், 'நான்' என்று அது விரிந்தது. மண்ணும் மூச்சும் சேர்ந்த அந்த முழு ஆள்தான் நெஃபெஷ். அது அவனுக்குள் தனியாக ஒளிந்திருக்கும் ஒன்று அல்ல. எண்ணாகமம் 6:6இல் பிணத்தைக் குறிக்கவும் இதே சொல் வருகிறது. உடம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பறந்துபோகும் உயிர் என்ற எண்ணம் இவர்களிடம் இல்லை. மூச்சு போனது என்றால் ஆள் மெலிந்துபோனார். மிச்சம் ஒரு நிழல். அந்த நிழல் இறங்கிப் போகும் இடம் ஷியோல்.

அது எப்படி இருந்தது? அங்கங்கே சிதறிக் கிடக்கும் வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் இருண்ட ஊர் தெரியும். பூமிக்கு அடியில், ஆழ்கடலுக்கும் அடியில். அதற்கு வாசல்கள் உண்டு, தாழ்ப்பாள்களும் உண்டு. புழுதியும் இருட்டும் பேச்சில்லாத அமைதியும் நிறைந்த ஊர். மேகம் கலைந்துபோகிறது போலப் போனவன் திரும்பி வருவதில்லை என்கிறார் யோபு. அதே யோபு தன் பிறந்த நாளைச் சபிக்கும்போது இன்னொன்றும் சொல்கிறார்: அங்கே துன்மார்க்கரின் தொல்லை ஓய்ந்திருக்கும், களைத்தவர்கள் இளைப்பாறுவார்கள், சிறியவனும் பெரியவனும் சரிசமம், அடிமைக்கு எஜமான் இல்லை. துயரத்தின் உச்சியில் இருக்கும் மனிதனுக்கு அந்த இருட்டே நிழல்மரம் போலத் தெரிகிறது. தண்டிக்கும் இடம் என்று நினைத்திருந்தால் அப்படி ஏங்கியிருப்பாரா?

அப்படியானால் மற்றவர்கள் ஏன் அவ்வளவு பயந்தார்கள்? இதற்கு எசேக்கியா ராஜாவைவிட நல்ல சாட்சி இல்லை. வியாதிப் படுக்கையில் இருக்கிறார். "உன் வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்து, நீ பிழைக்கமாட்டாய்" என்று ஏசாயா வந்து சொல்லிவிட்டுப் போகிறார். ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறார். பதினைந்து வருஷம் கூடக் கிடைக்கிறது. பிழைத்தபின் அவர் எழுதியதாக ஏசாயா 38இல் ஒரு பாட்டு இருக்கிறது. தன் வாழ்நாளின் நடுவிலேயே ஷியோலின் வாசலுக்குப் போக வேண்டியதாயிற்றே என்று தொடங்குகிறது. அவர் வைக்கும் வாதம் இதுதான்: ஷியோல் உம்மைத் துதிக்காது, குழியில் இறங்குகிறவர்கள் உம்முடைய உண்மையை எதிர்பார்க்கமாட்டார்கள். உயிரோடிருக்கிறவன், உயிரோடிருக்கிறவனே உம்மைத் துதிப்பான். தகப்பன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான்.

'உயிரோடிருக்கிறவன்' என்று இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். நான் செத்தால் உமக்குப் பாட ஒரு குரல் குறையும் என்று கடவுளிடமே ஒருவர் வாதாடுகிறார். நெருப்பைப் பற்றியோ தண்டனையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. ஆலயத்தின் பாட்டுச் சத்தம், பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை, இவற்றிலிருந்து துண்டிக்கப்படுவதுதான் அவர் கண்ட மரணம். 6ஆம் சங்கீதமும் 30ஆம் சங்கீதமும் 115ஆம் சங்கீதமும் இதையே சொல்கின்றன. 88ஆம் சங்கீதம் ஒருபடி மேலே போய், செத்தவர்களைக் கடவுளும் நினைப்பதில்லை என்கிறது. அது கடைசிவரை வெளிச்சமே இல்லாமல் இருட்டு என்ற சொல்லோடு முடியும் சங்கீதம். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இத்தனை நம்பிக்கையின்மையை ஒரு ஜெபமாகவே வைத்துக்கொள்ளும் துணிவு அந்த மக்களுக்கு இருந்தது.

எல்லாரும் இப்படியே பேசினார்கள் என்றும் இல்லை. ஷியோல்வரை தோண்டிக்கொண்டு போய் ஒளிந்தாலும் என் கை அங்கிருந்து பிடித்து இழுக்கும் என்று கடவுள் சொல்வதாக ஆமோஸ் எழுதினார். அங்கே படுக்கை போட்டாலும் நீர் அங்கே இருக்கிறீர் என்கிறது 139ஆம் சங்கீதம். கடவுளின் கை எட்டும், ஆனால் அங்கிருந்து துதி எழும்பாது. இரண்டையும் ஒன்றாகவே நம்பினார்கள்.

1928இல் சிரியாவின் கடற்கரையில், லத்தாக்கியா நகரத்துக்குப் பக்கத்தில், ஓர் உழவரின் கலப்பை பழைய கல்லறை ஒன்றில் இடித்தது. அடுத்த வருஷம் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் வந்தார்கள். உகாரித் என்ற மறைந்த நகரம் வெளியே வந்தது. கி.மு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்த ஊர் அது. அங்கே கிடைத்த களிமண் பலகைகள் எபிரேயத்துக்கு நெருங்கிய உறவுள்ள மொழியில் இருந்தன. அதுவரை புரியாமல் கிடந்த பல வேதாகம வரிகள் அதன்பிறகு பேசத் தொடங்கின.

அவற்றில் ஒன்று 'ரெப்பாயீம்'. ஷியோலில் இருக்கும் நிழல்களுக்கு எபிரேயர் கொடுத்த பெயர். ஏசாயா 14இல் பாபிலோன் ராஜா செத்து வரும்போது, முன்னே போன ராஜாக்களான ரெப்பாயீம் தங்கள் சிங்காசனங்களிலிருந்து எழுந்து, "நீயும் எங்களைப்போல் பெலன் அற்றுப்போனாயோ" என்று கேட்கிறார்கள். அவனுக்குக் கீழே புழுக்கள் மெத்தை, மேலே பூச்சிகள் போர்வை. நம் பழைய திருப்புதல் அந்த இடத்தில் 'இராட்சதர்' என்று போட்டிருக்கிறது. ஆதியாகமத்திலும் உபாகமத்திலும் ஒரு பழங்கால இராட்சத இனத்துக்கும் இதே பெயர் இருப்பதால் வந்த குழப்பம் அது. உகாரித் பலகை ஒன்றோ, ஓர் அரசரின் மரணச் சடங்கில் பழைய ராஜாக்களின் ஆவிகளை இதே பெயரால் கூப்பிட்டு அழைக்கிறது. அங்கே அவர்கள் பலி பெறும் பெரியவர்கள். இஸ்ரவேலின் தீர்க்கதரிசியிடம் வரும்போது அவர்களுக்குப் பேர் மட்டுமே மிச்சம், பெலன் போய்விட்டது.

மரணமும் அங்கே ஒரு தெய்வம். பேர் மோத். ஓர் உதடு பூமியில், ஓர் உதடு வானத்தில் என்று வாயைப் பிளந்து பாகால் தெய்வத்தையே விழுங்குகிறான். ஏசாயா 5:14இல் பாதாளம் "தன் வாயை ஆவென்று மட்டில்லாமல் திறந்தது" என்று நம் தமிழில் அழகாக வரும் இடத்துக்குப் பின்னால் இருப்பது அந்தத் தொண்டைதான். மூலத்தில் ஷியோல் தன் நெஃபெஷை விரிக்கிறது. ஆத்துமா என்று நாம் வாசித்துப் பழகிய அதே சொல், இங்கே விழுங்கும் தொண்டை. அதே ஏசாயா புத்தகத்தின் 25ஆம் அதிகாரத்தில் கடவுள் மரணத்தை என்றென்றைக்குமாக விழுங்குவார் என்று வரும்போது, அந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்! எல்லாரையும் விழுங்கினவனையே ஒருவர் விழுங்குகிறார்.

பாட்டுகளும் தீர்க்கதரிசனங்களும் இப்படிச் சொல்ல, வீட்டில் ஒருவர் செத்தால் சாதாரண ஜனங்கள் என்ன செய்தார்கள்? இதற்கு யூதேயாவின் மலைகளில் வெட்டிய கல்லறைகளுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளில் வசதியுள்ள ஒரு யூதேயக் குடும்பத்தின் கல்லறை என்பது பாறையில் குடைந்த அறை. குனிந்து நுழையும் அளவுக்குச் சின்ன வாசல். உள்ளே மூன்று பக்கமும் பாறையிலேயே விட்டுச் செதுக்கிய திண்ணைகள். சிலவற்றில் தலை வைக்கும் இடத்தில் குதிரைலாட வடிவில் குழிவான கல் தலையணை. செத்தவரை அந்தத் திண்ணையில் கிடத்துவார்கள். பக்கத்தில் அகல் விளக்கு, தண்ணீர்க் குடுவை, கிண்ணம், நகை. வாசலைக் கல்லால் அடைத்துவிடுவார்கள். சதை மண்ணானபின், திண்ணை அடுத்தவருக்குத் தேவைப்படும்போது, எலும்புகளைச் சேர்த்துத் திண்ணைக்கு அடியில் வெட்டியிருக்கும் குழிக்குள் தள்ளுவார்கள். அப்பாவின் எலும்பு தாத்தாவின் எலும்போடு, தாத்தாவினுடையது அவர் அப்பாவினுடையதோடு கலந்துவிடும்.

ஆபிரகாம் "தன் ஜனத்தாரோடே சேர்க்கப்பட்டான்" என்று வாசிக்கும்போது மரியாதைக்காகச் சுற்றிச் சொல்கிறார்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இந்தக் குழிகளைப் பற்றிப் படித்த பிறகு அந்த வரி மாறிவிட்டது. அது கையால் செய்த வேலை. மகன் அப்பாவைச் சேர்த்தான். முதிர்ந்த வயதில் நிறைவாகச் செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது 'சேர்க்கப்பட்டார்' என்கிறார்கள். அகாலத்தில், துக்கத்தில், கொலையில் போகும்போது ஷியோலின் பேர் அடிக்கடி வருகிறது. இதை வைத்து, ஷியோல் கெட்ட சாவுக்கு மட்டும் உரியது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. "நீ போகிற பாதாளத்திலே" ஞானமும் இல்லை, வேலையும் இல்லை என்று பிரசங்கி எல்லாரையும் பார்த்துத்தான் சொல்கிறார். ஒரே சாவை உறவின் பக்கமிருந்து பார்த்தால் 'சேர்க்கப்படுதல்', பயத்தின் பக்கமிருந்து பார்த்தால் ஷியோல் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

எலும்பு சேராமல் போவதுதான் பெரிய சாபம். தாவீதின் காலத்தில், முந்தைய ராஜா சவுலின் வம்சத்தார் ஏழு பேரைக் கிபியோனியர் கையில் ஒப்புக்கொடுக்க, அவர்கள் கொன்று மலையில் தொங்கவிடுகிறார்கள். அதில் இரண்டு பேர் சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளின் பிள்ளைகள். அவள் இரட்டுத்துணியைப் பாறையின் மேல் விரித்து உட்கார்ந்துகொள்கிறாள். வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்திலிருந்து வானத்திலிருந்து மழை பெய்யும்வரை, பகலில் பறவையையும் இரவில் காட்டுமிருகத்தையும் அண்டவிடவில்லை. அவள் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட எழுதப்படவில்லை. செய்தி ராஜாவுக்கு எட்டுகிறது. தாவீது கீலேயாத்திலிருந்து சவுல், யோனத்தான் எலும்புகளை எடுத்துவரச் செய்து, தொங்கவிடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்க்கச் சொல்கிறார். சவுலின் தகப்பன் கீசின் கல்லறையில் அடக்கம் நடக்கிறது. ஒரு தாய் காவல் இருந்ததால் ராஜா தன் கடனைச் செய்தார்.

எருசலேமில் கீதரோன் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் சில்வான் கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு கல்லறை வாசலின் மேலிருந்த கல்வெட்டை 1870இல் பிரெஞ்சு ஆய்வாளர் கிளெர்மோன் கன்னோ கண்டெடுத்தார். இப்போது அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சிதைந்துபோன எழுத்துகளை 1953இல்தான் நஹ்மான் அவிகாத் வாசித்து முடித்தார். அரண்மனை விசாரிப்புக்காரர் ஒருவரின் கல்லறை. பேரின் முன்பாதி உடைந்து '...யாகு' மட்டும் மிச்சம். வெள்ளியும் பொன்னும் இங்கே இல்லை, அவருடைய எலும்புகளும் அவரோடு அவருடைய அடிமைப்பெண்ணின் எலும்புகளும் மட்டுமே, இதைத் திறக்கிறவன் சபிக்கப்பட்டவன் என்கிறது எழுத்து. உயரத்தில் கல்லறை வெட்டிக்கொண்டதற்காக ஏசாயா 22இல் திட்டு வாங்கும் செப்னாதான் இவர் என்று பலர் கருதுகிறார்கள். இருக்கலாம். எனக்கு நெஞ்சில் நிற்பது அந்தப் பெண்தான். அடிமையாக வாழ்ந்தவளின் எலும்பையும் தன் எலும்போடு காக்கச் சொல்லி அந்த மனிதர் கல்லில் வெட்டி வைத்தார்.

செத்தவர்களுக்குச் சாப்பாடு வைத்தார்களா? வைத்தார்கள். தசமபாகம் கொடுக்கும்போது "இதில் எதையும் செத்தவருக்குக் கொடுக்கவில்லை" என்று உறுதிமொழி சொல்லும்படி உபாகமம் 26:14 கட்டளையிடுகிறது. கடவுளுக்கென்று பிரித்ததிலிருந்து கொடுக்கக் கூடாது. வீட்டில் மிச்சமுள்ளதைக் கொடுப்பது பற்றி அங்கே பேச்சே இல்லை. நீதிமான்களின் கல்லறையில் உன் அப்பத்தை வை என்று பிற்காலத்துத் தோபித்து நூலில் ஒரு தகப்பன் மகனுக்குப் புத்தி சொல்கிறார். பிணத்துக்காகத் தலையை மழிக்காதே, உடம்பைக் கீறிக்கொள்ளாதே என்று சட்டம் சொன்னது. எரேமியாவின் காலத்திலும் ஜனங்கள் அதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். எழுதப்பட்ட மதம் ஒன்று, திண்ணையில் விளக்கு வைத்துவிட்டு வந்த மதம் இன்னொன்று.

இந்த இரண்டும் நேருக்கு நேர் மோதும் இடம் எந்தோர். 1 சாமுவேல் 28. பெலிஸ்தர் சூனேமில் பாளையம் இறங்கியிருக்கிறார்கள், சவுல் கில்போவா மலையில். சொப்பனம் இல்லை, ஆசாரியர் மூலம் கடவுளிடம் கேட்கும் ஊரீம் பதில் சொல்லவில்லை, தீர்க்கதரிசி வாய் திறக்கவில்லை. செத்தவர்களிடம் குறி கேட்கிறவர்களை நாட்டைவிட்டே விரட்டியவர் சவுல். இப்போது அவரே அப்படி ஒருத்தியைத் தேடச் சொல்கிறார். எந்தோர் இருப்பது எதிரியின் பாளையத்துக்கு அப்பால், வடக்கே. வேஷம் மாற்றி, இரவில், எதிரியைச் சுற்றிக்கொண்டு இரண்டு பேரோடு போகிறார்.

அவளைப் பழைய திருப்புதல் 'அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீ' என்கிறது. நம் ஊரில் வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பார்களே, அது. எந்தோரில் மை இல்லை. மூலச்சொல் செத்தவரின் ஆவியைக் கையாளுகிறவள் என்று பொருள்படும். ஆனாலும் நம் கிராமத்து வாசகருக்கு அந்த வீட்டின் இருட்டையும் பயத்தையும் ஒரே சொல்லில் கொண்டுவந்து கொடுத்த மொழிபெயர்ப்பாளரை நான் மெச்சத்தான் செய்வேன்.

"சாமுவேலை எழும்பிவரப் பண்ணு" என்கிறார் சவுல். 'எழும்பி'. கீழிருந்து. அவள் பார்க்கிறாள், அலறுகிறாள். பூமிக்குள்ளிருந்து 'எலோகிம்' ஏறிவருவதைக் காண்கிறேன் என்கிறாள். கடவுளுக்கே உரிய அந்தச் சொல்லைச் செத்தவருக்கும் சொல்லும் பழைய வழக்கு அங்கே எட்டிப் பார்க்கிறது. என்ன உருவம் என்று கேட்கிறார். "வயதானவர், சால்வை போர்த்தியிருக்கிறார்." அவ்வளவுதான், சவுலுக்குத் தெரிந்துவிடுகிறது. மூலத்தில் அந்தப் போர்வைக்குள்ள சொல் மெயீல். சாமுவேல் குழந்தையாக ஆலயத்தில் இருந்தபோது அம்மா அன்னாள் வருஷம்தோறும் தைத்துக் கொண்டுவந்த சின்ன அங்கிக்கும் அதே சொல். சவுலைக் கைவிட்டுச் சாமுவேல் திரும்பிய நாளில், சவுல் பிடித்து இழுக்கையில் கிழிந்த அங்கிக்கும் அதே சொல்.

"என்னை எழும்பிவரப் பண்ணி ஏன் தொந்தரவு செய்தாய்?" என்பதுதான் சாமுவேலின் முதல் கேள்வி. அவர் தீர்க்கதரிசிகளில் பெரியவர். அவரும் கீழேதான் இருந்தார். "நாளைக்கு நீயும் உன் குமாரரும் என்னோடிருப்பீர்கள்" என்கிறார். கடவுள் கைவிட்ட ராஜாவும் கடவுள் அழைத்த தீர்க்கதரிசியும் ஒரே இடத்தில்! ஷியோலைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒரு வரி இல்லை. சவுல் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறார். நாளெல்லாம் சாப்பிடாத உடம்பு. அந்தப் பெண், தன் உயிரைப் பணயம் வைத்தவள், அவரை வற்புறுத்தி எழுப்பி, வீட்டில் இருந்த கொழுத்த கன்றை அடித்து, மாவு பிசைந்து புளிப்பில்லாத அப்பம் சுட்டுப் போடுகிறாள். சவுலின் கடைசிச் சாப்பாடு அவள் கையால்தான். கதையை எழுதியவர் அவளைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை.

ஏன் தடைசெய்தார்கள் என்றால், பலிக்காது என்பதால் அல்ல. எந்தோரில் பலித்ததே! செத்தவர்களிடம் கேட்கத் தொடங்கினால் உயிருள்ள கடவுளிடம் யார் கேட்பார்கள் என்பதுதான் ஏசாயா 8இன் கேள்வி. பிணத்தைத் தொட்டவன் ஏழு நாள் தீட்டு, பிரதான ஆசாரியன் தன் தாய் தகப்பன் பிணத்துக்கு அருகில்கூடப் போகக் கூடாது என்ற சட்டங்களும் இதே வேலியின் பகுதிகள்தான்.

நெருப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது கேட்கலாம். எருசலேமுக்குத் தெற்கே, தென்மேற்கே வளைந்து போகும் இன்னோம் பள்ளத்தாக்கிலிருந்து. அங்கே தோப்பேத் என்ற இடத்தில் பிள்ளைகளை அக்கினியில் பலியிட்டதாக எரேமியா மனம் வெந்து எழுதுகிறார். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் யோசியா ராஜா அந்த இடத்தைத் தீட்டுப்படுத்தி மூடினார். அந்தப் பள்ளத்தாக்கின் எபிரேயப் பெயரான கே இன்னோம்தான் கெகென்னா ஆயிற்று, புதிய ஏற்பாட்டில் நம் 'நரகம்' ஆயிற்று. ஊர்க் குப்பை எரிந்த இடம் என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. அது கி.பி. 1200 வாக்கில் தாவீது கிம்கி என்ற யூத அறிஞர் எழுதிய குறிப்பிலிருந்து வருவது. அகழாய்வில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆனால் அதே பள்ளத்தாக்கின் சரிவில் வேறொன்று கிடைத்தது. 1979இல் கேப்ரியல் பர்காய் தலைமையில் கெதெப் இன்னோம் என்ற இடத்தில் பாறைக் கல்லறைகளைத் தோண்டினார்கள். எல்லாம் கொள்ளைபோனவை. ஒரு திண்ணைக்கு அடியிலிருந்த எலும்புக்குழி மட்டும் கூரை இடிந்து மூடியதால் கொள்ளையர் கண்ணில் படாமல் தப்பியிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். அவற்றில் சுருட்டி வைத்த இரண்டு சின்ன வெள்ளித் தகடுகள். உடையாமல் பிரித்தெடுக்க ஏறத்தாழ மூன்று வருஷம் ஆயிற்று. பிரித்தபோது கீறல் எழுத்தில் "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்". ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிவில் ஆயர் கைதூக்கிச் சொல்கிறாரே, அதே ஆசீர்வாதம். காலம் ஏறத்தாழ கி.மு. 600. வேதாகமத்தின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளான சவக்கடல் சுருள்களைவிடச் சில நூற்றாண்டுகள் பழையது. உயிரோடிருந்தபோது கழுத்தில் கட்டியிருந்ததாகவும் இருக்கலாம். எப்படியானாலும் கழற்றாமல் கூட அனுப்பினார்கள். செத்தவர்களைக் கடவுள் நினைப்பதில்லை என்று சங்கீதம் பாடிய மக்கள், இருட்டுக் குழியில் 'உன்னைக் காக்கக்கடவர்' என்ற எழுத்தையும் கூடவே வைத்தார்கள்.

இந்த நம்பிக்கை மாறியதற்குத் தத்துவம் காரணமல்ல, இரத்தம் காரணம். நல்லவனுக்கு இந்த வாழ்நாளிலேயே நீண்ட ஆயுளும் பிள்ளைகளும் பலன், எல்லாருக்கும் முடிவு ஷியோல் என்ற கணக்கு, கி.மு. 167இல் உடைந்தது. சிரியாவிலிருந்து ஆண்ட கிரேக்க வம்சத்து ராஜா அந்தியோகு எப்பிபானஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினார். விருத்தசேதனம் செய்வதற்கும் ஓய்வுநாள் அனுசரிப்பதற்கும் தண்டனை மரணம். கட்டளையைக் காத்தவர்கள் அந்தக் காரணத்துக்காகவே இளம் வயதில் வெட்டப்பட்டார்கள். அப்படியானால் அவர்களுக்கு நியாயம் எப்போது? அந்த வருஷங்களில்தான் தானியேல் 12:2 எழுதப்பட்டதாகப் பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள்: பூமியின் தூளில் நித்திரை செய்கிற அநேகர் எழுந்திருப்பார்கள், சிலர் நித்திய ஜீவனுக்கு, சிலர் நித்திய இகழ்ச்சிக்கு. எபிரேய வேதாகமத்தில் தனி மனிதர்களின் உயிர்த்தெழுதலையும் இருவேறு முடிவையும் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லும் ஒரே வசனம் இது. நிலம் முன்பே பண்பட்டிருந்தது. ஏசாயா 26இல் பனித்துளி இறங்கிப் புழுதியில் கிடப்பவர் எழும் பாட்டு உண்டு. எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகளும் உண்டு, அவை முதலில் ஒரு தேசத்தைப் பற்றியவை என்றாலும். ஏனோக்கு நூல் செத்தவர்களின் ஆவிகளைத் தனித்தனிக் குகைகளில் பிரித்து வைத்தது. பாரசீக, கிரேக்க எண்ணங்களும் காற்றில் இருந்தன.

எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆலயத்தைக் கையில் வைத்திருந்த சதுசேயர் உயிர்த்தெழுதலை மறுத்தார்கள். பழைய நம்பிக்கையைக் காத்தவர்கள் என்று பார்த்தால் அவர்கள்தான். பரிசேயர் ஏற்றார்கள். அவர்கள் வழிவந்த ரபிகள், உயிர்த்தெழுதல் இல்லை என்கிறவனுக்கு வரும் உலகில் பங்கில்லை என்று மிஷ்னா என்ற யூதச் சட்டத்தொகுப்பில் எழுதிவைத்தார்கள். கெகென்னாவில் துன்மார்க்கருக்கே பன்னிரண்டு மாதம்தான் என்ற கருத்தும் அதே மிஷ்னாவில் உண்டு. அதனால்தான் செத்த பெற்றோருக்காகப் பிள்ளைகள் சொல்லும் கதீஷ் ஜெபத்தைப் பதினோரு மாதத்தோடு நிறுத்தும் வழக்கம். முழு வருஷமும் சொன்னால் அப்பாவைத் துன்மார்க்கர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

யாக்கோபுக்குத் திரும்புவோம். யோசேப்பு சாகவில்லை. எகிப்தில் மகனைப் பார்த்தபின் சாகும்போது அவர் ஷியோலைப் பற்றி வாயே திறக்கவில்லை. மக்பேலா குகையில் அடக்கம் செய்யுங்கள் என்கிறார். அங்கே ஆபிரகாமையும் சாராளையும் வைத்தார்கள், ஈசாக்கையும் ரெபெக்காளையும் வைத்தார்கள், அங்கே லேயாளை நான் வைத்தேன் என்று ஒவ்வொரு பேராகச் சொல்கிறார். ராகேலின் பேர் அந்த வரிசையில் இல்லை. அவர் உயிராக நேசித்தவள், யோசேப்பின் தாய், பிரசவத்தில் செத்து எப்பிராத்தா போகும் வழியோரத்தில் தனியாகக் கிடக்கிறாள். அவளை யாரும் சேர்க்கவில்லை.

கி.மு. 586 வாக்கில் எருசலேம் விழுந்தபின் சிறைப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டி ராமாவில் சேர்த்துப் பாபிலோனுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். எரேமியாவும் அந்தச் சங்கிலியில் இருந்தார். ராமாவிலே ஒரு குரல் கேட்கிறது என்று அவர் எழுதுகிறார், ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், தேற மறுக்கிறாள். அங்கியைப் பார்த்த நாளில் யாக்கோபு 'தேற மறுத்தார்' என்பதற்கு எபிரேயத்தில் உள்ள அதே வினைச்சொற்கள்தான் இங்கேயும். செத்து எத்தனையோ நூற்றாண்டான ஒரு தாய், பேச்சில்லாத ஊரிலிருந்து, சத்தம்போட்டு அழுகிறாள். அடுத்த வசனத்தில் கடவுள் அவளுக்குப் பதில் சொல்கிறார்: அழாதே, கண்ணைத் துடை, உன் பிள்ளைகள் பகைஞரின் தேசத்திலிருந்து திரும்பி வருவார்கள்.